ராணி மஹாலில் உட்கார்ந்திருந்த மெயில்கள்

ராணி மஹால் மாடிப்படியில மெயிலெல்லாம் ஆளா இறங்கி வந்த அன்னைக்கு, சமையக்கட்டுல எனக்குப் பருப்பு வேகல. புளியங்குடி எலுமிச்சங்காய்க்கு ஊரு ஒலகமெல்லாம் பேரு உண்டு, ஆனா எங்க தெரு போர்த் தண்ணிக்கு அந்த மருவாதி கிடையாது, அதுல வெளக்கெண்ணெய் விடாமப் பருப்பப் போட்டா நாள் பூரா கல்லு கணக்காத்தான் கெடக்கும், அன்னைக்குன்னு பாத்து எண்ணெயும் தீந்து போச்சு; அந்தக் கோவத்துல கரண்டியும் கையுமா நான் கத்திக்கிட்டு நிக்கையில, வாட்ச்மேன் தங்கப்பழம் ஓடி வந்து, "யக்கா, மாடியிலேர்ந்து எரநூறு பேருக்கு மேல இறங்கி வந்து ஹால்ல உக்காந்துட்டாவ, ஒருத்தர்கூட செருப்பக் கழத்தல"ன்னு சொன்னான். எனக்குச் செருப்புதான் மொதல்ல உறைச்சுது. முந்தின நாள்தான் ஹாலக் கழுவி விட்டிருந்தேன்.

என் பேரு ஆவுடையம்மாள். ராணி மஹாலுக்கு நான்தான் மேனேஜர், சாவிக்கொத்து என் இடுப்புலதான் கெடக்கும். கீழ கல்யாண ஹாலு, மாடியில மெயில் கம்பெனி. காலேஜு, ஆஸ்பத்திரி, பேங்குன்னு பெரிய பெரிய எடத்துக்கு வாற மெயிலெல்லாம் அந்த மாடி வழியாத்தான் போவும். அதுல முக்காவாசி குப்பை, பரிசு விழுந்திருக்கும்பான், வட்டியில்லாம கடன் தாரேம்பான், வழுக்கையில முடி மொளைக்க வைக்கேம்பான். அந்தக் குப்பையெல்லாம் தள்ளிட்டு நல்லத மட்டும் உள்ள விடுற சாப்ட்வேருக்கு மாடிப் பிள்ளைகள் வச்ச பேரு சல்லடை. அதை எழுதினவ ஷமீமா, கடையநல்லூர்க்காரி, முப்பது வயசுதான் இருக்கும், தினமும் பஸ்ஸுல வந்து போவா, எங்கிட்ட சாவி வாங்கித்தான் ஆபீஸத் திறப்பா. அந்த வாரம் புதுசா நாலஞ்சு பெரிய எடத்து மெயிலு வந்து சேந்துச்சாம், சல்லடைக்கு மூச்சு முட்டிப் போச்சாம், உள்ள நிக்க எடமில்லாத மெயிலெல்லாம் படியிறங்கி, சும்மா கெடந்த என் ஹால்ல, பிளாஸ்டிக் சேர்ல, வந்த வரிசைப்படி உக்காந்துட்டு. அவ்வளவுதான் சமாச்சாரம். எப்படி ஆச்சுன்னு எங்கிட்டக் கேக்காதிய. மேல எடமில்லாட்டி கீழ வரத்தான செய்யும்.

மொத நாள் ஊரே வந்து எட்டிப் பாத்துது, ரெண்டா நாள் பாதி ஊருதான் வந்துது, மூணா நாள் அவியளும் நம்மாளுகன்னு ஆயிப் போச்சு. வீடு தேடி வந்தவன எங்க ஊர்ல யாரும் தண்ணி குடுக்காம அனுப்பினது கிடையாது. அதனால தங்கப்பழம் குடத்தோட வரிசை வரிசையாப் போயித் தண்ணி குடுத்தான், அவியளும் தண்ணி மட்டும் குடிச்சாவ, வேற எதையும் தொடல. மொற வந்த மெயிலு எந்திரிச்சுப் படியேறும். நல்லதுன்னா மாடி ஜன்னல் வழியா வெளிச்சமாப் போயிரும், குப்பைன்னா படியிலயே கரைஞ்சு ஒரு கையளவு ஈரம் கெடக்கும், அதைத் தங்கப்பழம் மாப்பு போட்டுத் தொடைப்பான். குப்பைய அடையாளம் கண்டுபுடிக்கது ரொம்பச் சுளுவு, கண்டவன் கையப் புடிச்சுக்கிட்டு "அன்பரே"ன்னு ஆரம்பிச்சிரும். ஒரே மாதிரி சட்ட, ஒரே மாதிரி சிரிப்பு, ஆயிரம் பேரு வந்தா ஆயிரம் பேரும் அச்சு அசலா அதே பேச்சு. நல்ல மெயிலு வாயத் திறக்காது, உள்ள இருக்கது உரியவனுக்கு மட்டுந்தான்னு கம்முனு உக்காந்திருக்கும். ஆனா குப்பையிலயும் வெவரமான கள்ளன் உண்டு, அவனும் வாய மூடிக்கிட்டு நல்லவனாட்டம் உக்காந்திருப்பான்.

டெய்லர் குருசாமி மகளுக்கு அந்த வெள்ளிக்கிழமை கல்யாணம். பொண்ணு வீட்டுக்குச் சொந்தம் கம்மி, மாப்பிள்ளை வீட்டுக்காரன் நாலு பஸ்ஸுல வாரான், குருசாமி என்ன செய்வாரு பாவம், எங்கிட்ட வந்து கையப் பெசைஞ்சாரு. "ஓய், இத்தன பேரு சும்மாதான உக்காந்திருக்கான், பொண்ணு வீட்டுப் பக்கம் திருப்பிப் போடும்"ன்னேன். போட்டாரு. தாலி கட்டுற நேரத்துல முந்நூறு பேரு ஒண்ணா எந்திரிச்சு, "வாழ்த்துகள்! நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள்!"ன்னு ஒரே குரல்ல சொன்னான் பாருங்க, மாப்பிள்ளைக்கு அப்பா கண்ணத் தொடைச்சுக்கிட்டாரு. சொந்தம்னா இப்படில்லா இருக்கணும்னு ஊரெல்லாம் போயிச் சொன்னாராம். எலுமிச்ச மார்க்கெட்டுலயும் ஏலத்துக்குக் கூட்டம் காட்ட அம்பது பேரக் கேட்டாவ, நான் அனுப்பல. வரிசை கலைஞ்சா ஷமீமா என்னத்தான் ஏசுவா.

இது இப்படிப் போயிக்கிட்டு இருக்கட்டும், என் கதைக்கு வாரேன்.

எனக்கு ஒத்த மவன், இசக்கிராஜ். எங்கூட சமையக்கட்டுலயே வளந்தவன், சரக்குக் கப்பல்ல சமையக்காரனாப் போனான். ஆவணியில ஒருநாள் பேசினான், அதுக்குப் பொறவு நடுக்கடல்ல எஞ்சின் நின்னு போச்சு, கப்பலக் காணலன்னு பேப்பர்ல வந்துது. கம்பெனிக்காரன்கிட்டக் கேட்டா "தேடிக்கிட்டு இருக்கோம்மா"ம்பான், இன்னைக்குக் கேட்டாலும் அதான், நாளைக்குக் கேட்டாலும் அதான். ஐப்பசி பொறந்துட்டு. நான் ஆயிரம் பேருக்கு எல போட்டேன், சிரிச்சேன், ஏசினேன், எல்லாம் செஞ்சேன், ஆனா ஒவ்வொரு பஸ்ஸு சத்தத்துக்கும் வாசல எட்டிப் பாத்தேன், ஏன்னு யாருகிட்டயும் சொல்லல.

பேப்பர்ல வந்த சேதிய நான் மட்டுமா படிச்சேன், கள்ளப் பயலுவளும் படிச்சான். மாடிக் கம்பெனிக்காரவ வாடகையோட சேத்து எனக்கும் ஒரு மெயில் கணக்கு குடுத்திருந்தாவ, என் மவன்தான் போன்ல போட்டுக் குடுத்தான்; அந்தப் பேருக்கு ஒருத்தன் வந்தான், எம் மவன் மொகத்தையே மாட்டிக்கிட்டு. "அம்மா, நான்தான், ஆபத்துல இருக்கேன், பேங்க் நம்பரச் சொல்லு"ன்னான். நான் கட்டிப் புடிச்சு அழுதுட்டேன். சாவிக்கொத்த அவுத்து பீரோவத் திறக்கப் போனவ, திரும்பிப் பாத்தா அவன் பக்கத்து சேர்ல இருந்த கெழவன்கிட்டயும் "அம்மா, நான்தான்"ங்கான். எனக்கு வந்துதே கோவம், தண்ணிக் குடத்த அப்படியே அவன் தலையில கவுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு இன்னொருத்தன், அதே மொகம், அதே பேச்சு. எம் புள்ள மொகத்தப் பாத்தாலே கை ஓங்குற மாதிரி ஆக்கிட்டானுவ, நாசமாப் போறவனுவ.

மூணாவதா ஒருத்தன் வந்தான். மொகம் எம் மவன் மாதிரியே இல்ல, எங்கயும் பாத்த மொகமா இல்ல. கடைசி வரிசைக்குப் போறதுக்கு முன்ன வாசல்ல நின்னு, எடது காலு உள்ளங்கால வலது கெண்டைக்கால்ல ஒரு தேய் தேய்ச்சுட்டுத்தான் உள்ள வந்தான். இசக்கிராஜ் சின்னப் புள்ளயிலேர்ந்து அப்படித்தான் வீட்டுக்குள்ள வருவான், மிதியடி போட்டு வச்சாலும் மிதிக்க மாட்டான். கிட்டப் போயி, "ஏல, யாருகிட்டேர்ந்துல வாரே?"ன்னு கேட்டேன். தண்ணிய வாங்கிக் குடிச்சான், வாயத் திறக்கல.

நாலு நாளாயும் அவனுக்கு முன்னால ஒம்பதாயிரம் பேரு. ஹாலு நெறஞ்சு, சாப்பாட்டுக் கூடம் நெறஞ்சு, தெரு வரைக்கும் சேரு போட்டிருந்துது. அஞ்சு நாள் காத்திருந்தும் மொற வரலன்னா மெயிலு எந்திரிச்சு வந்த வழியே போயிரும், அனுப்பினவன்கிட்ட "போயிச் சேரல"ன்னு சொல்லிரும், அது ஒலகம் பூரா உள்ள சட்டமாம். அப்படி எத்தனையோ பேரு எந்திரிச்சு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனத நான் பாத்திருக்கேன். இவனும் அப்படிப் போயிட்டா, எங்கயோ ஒரு கரையில எம் மவன் "அம்மாவுக்குச் சேரல"ங்கிறதப் படிச்சுக்கிட்டு நிப்பான். அப்படி நெனைச்ச ஒடனே நான் படியேறிட்டேன்.

"ஷமீமா, கடைசி வரிசையில ஒருத்தன் இருக்கான். அவன மொதல்ல எடுத்து விடு"ன்னேன்.

அவ கண்ணு செவந்து கெடந்துது, அவ சாப்பிட்டே ரெண்டு நேரம் ஆயிருக்கும். "யக்கா, சல்லடையில போடாம எடுத்து விட்டா அது நல்லதா கள்ளமான்னு தெரியாமலே உங்க போனுக்கு வரும். ஏற்கெனவே ரெண்டு வந்துச்சே, மறந்துட்டியளா?"

"இவன் காலத் தேய்ச்சாம்ட்டி!"

"தேய்ச்சிருப்பான். அந்த வரிசையில இன்னும் எத்தன அம்மாவுக்கு எத்தன பேரு உக்காந்திருக்காவளோ. ஒருத்தர எடுத்தா நான் எல்லாரையும்லா எடுக்கணும்."

"அப்ப எம் புள்ள திரும்பிப் போவட்டுங்கியா?"

"வரிசையவே ஓட வைக்கேன்க்கா"ன்னா. அந்த நேரம் பாத்து அவ மொதலாளி மெட்ராஸ்லேர்ந்து போன்ல கத்துறாரு, "மொத்த வரிசையையும் அழிச்சிரு, புதுசா ஆரம்பிப்போம்"ன்னு. "அழிக்க மாட்டேன் சார், உள்ள நல்லதும் இருக்கு"ன்னு சொல்லிட்டு வச்சுட்டா. நான் அவள மனசுக்குள்ள ஏசிக்கிட்டே இறங்கினேன், ஆனா அந்த ஒரு வார்த்தைக்காவ அவளுக்குச் சாப்பாடு அனுப்பத் தோணிச்சு.

மறுநாள் அவ கம்ப்யூட்டரத் தூக்கிக்கிட்டு ஹாலுக்கே வந்துட்டா. படிப் பக்கத்துல சேரப் போட்டு, சல்லடை ஒவ்வொருத்தர்கிட்டயும் என்ன செய்யுதுன்னு பாத்துக்கிட்டே இருந்தா, பாத்துக்கிட்டே இருந்தா, மத்தியானம் போல திடீர்னு சிரிச்சா. "யக்கா, இது என் தப்புதான். நம்ம ஊர்க்காரி புத்தியில எழுதிட்டேன்"ன்னா.

என்னன்னு கேட்டா: எங்க ஊர்ல தரகர் ஒரு வரன் கொண்டு வாரார்னு வைங்க, வாசல்ல வச்சே இது நமக்கு ஆவாதுன்னு தெரிஞ்சு போவும், ஆனாலும் மூஞ்சியில அடிச்ச மாதிரிச் சொல்ல மாட்டோம், உக்கார வச்சு, காப்பி குடுத்து, ஜாதகம் முழுசையும் கேட்டு, மாப்பிள்ளைக்கு சித்தப்பா என்ன வேல பாக்காருன்னு வரைக்கும் விசாரிச்சுட்டு, "கலந்து பேசிட்டுச் சொல்லுதோம்"ன்னு அனுப்புவோம். அவ சல்லடையும் அதான் செஞ்சிருக்கு. வந்தவன் "அன்பரே"ன்னு வாயெடுத்த ஒடனே கள்ளன்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு, ஆனாலும் அவன் கொண்டு வந்த கடுதாசிய அடி வரைக்கும் படிச்சு, கேக்க வேண்டிய கேள்வி நூறையும் கேட்டு முடிச்சுட்டுத்தான் போவச் சொல்லிருக்கு. ஆயிரம் பேரு ஒரே சட்டையில வந்தா, ஆயிரம் பேருகிட்டயும் மொதல்லேர்ந்து அதே நூறு கேள்வி.

"ஏட்டி, மனுசன் சொல்ல வாறத முழுசாக் கேக்கணும்லா? பாதியில போன்னு சொல்லுவாவளா?"ன்னு நான்கூடச் சண்டைக்குப் போனேன்.

"கள்ளன்கிட்ட காட்டுற மருவாதிக்கு நல்லவன்லாக்கா தெருவுல நிக்கான்"ன்னா.

நான் குடத்தத் தூக்கிக்கிட்டுப் போயி, தெருவுல நிக்கவியளுக்குத் தண்ணி குடுத்துட்டு வந்து அவ பக்கத்துல உக்காந்தேன்.

பொறவு அவ எழுதினா பாருங்க, அதை எப்படிச் சொல்ல. வெரலு ஓடுறது கண்ணுக்குத் தெரியல. எந்தக் கேள்விக்குச் சட்டுனு பதில் கெடைக்குமோ அதைத் தூக்கி முன்னால வச்சா, எந்தக் கேள்விக்கு நேரமாவுமோ அதைப் பின்னால தள்ளினா, கள்ளன்னு உறுதியான எடத்துல நிறுத்திரு, அடுத்ததக் கேக்காதன்னு எழுதினா, ஒரே சட்டக்காரன்ல ஒருத்தனப் பாத்தாச்சுன்னா அந்தச் சட்டய ஞாபகம் வச்சுக்கோ, மத்தவன எல்லாம் சட்டயப் பாத்தே அனுப்பிருன்னு எழுதினா. எழுதி முடிச்சு ஒரு பொத்தானத் தட்டினா. சேரு காலியாச்சு. ஒண்ணு ஒண்ணா இல்ல, வரிசை வரிசையாக் காலியாச்சு, பரிசுக்காரன் வரிசை போச்சு, கடன்காரன் வரிசை போச்சு, முடி மொளைக்க வைக்கவன் வரிசை போச்சு, படியெல்லாம் ஈரம் ஓடித் தெருவுல எறங்கிச்சு, ஜன்னல் வழியா நல்ல மெயிலெல்லாம் வெளிச்சமா வெளிச்சமாப் போயி எதிர்த்த மருந்துக்கடை போர்டு பகல்ல மின்னிச்சு, தெருவுல இருந்தவன் ஹாலுக்குள்ள வந்தான், ஹால்ல இருந்தவன் படிக்கு வந்தான், தங்கப்பழம் மாப்பக் கீழ போட்டுட்டு வாயப் பொளந்துக்கிட்டு நின்னான். என் சர்வீஸ்ல எத்தனையோ பந்தி பாத்திருக்கேன், இப்படி ஒரு பந்தி எந்திரிச்சத நான் பாத்ததில்ல. அவ நெத்தி வேர்வையத் தொடைச்சுக்கிட்டு, "தண்ணி இருக்காக்கா?"ன்னுதான் கேட்டா.

கடைசியில ஒரு இருநூறு பேரு மிஞ்சினாவ. யாருக்கும் தெரியாத எடத்துலேர்ந்து வந்தவிய, வாயத் திறக்காதவிய, நல்லவனா வெவரமான கள்ளனான்னு சல்லடைக்கே தெரியாதவிய. அதுல அவனும் ஒருத்தன். அன்னைக்கு அவனுக்கு அஞ்சாம் நாளு.

"இவியகிட்டதான் நூறு கேள்வியும் கேக்கணும், ராத்திரி ஆயிரும்"ன்னு ஷமீமா யோசிச்சா. அப்புறம் ஒரே ஒரு வரி எழுதினா. எழுதிட்டு என்னப் பாக்காம சொன்னா: "யக்கா, புதுசா வந்தவியள உள்ள விடாம, ‘இப்பப் போயிட்டு அப்புறம் வாங்க’ன்னு மட்டும் சொல்லப் போறேன். நெசமா ஒருத்தர் அனுப்பின மெயிலுன்னா, அனுப்பினவிய பின்னால நிக்காவ, அது திரும்ப வரும். கள்ளனுக்குப் பொறுமை கிடையாது, இன்னும் ஆயிரம் வாசல் பாக்கணும், அவன் வர மாட்டான்."

"அவனுக்கு இன்னைக்கு அஞ்சாம் நாளுட்டி! இப்பப் போவச் சொன்னா அப்படியே போயிட்டான்னா?"

அவ பொத்தானத் தட்டிட்டா.

இருநூறு பேரும் எந்திரிச்சான். நான் ஓடிப் போயி வாசல மறிச்சேன். "நீ மாடியிலயே உக்காந்திரு, எங்க வயித்தெரிச்சல் உனக்கு எங்க தெரியும், உம் புள்ளயா கடல்ல கெடக்கான்"னு வாயில வந்ததெல்லாம் ஏசினேன், ஹாலே அதிர ஏசினேன். ஆளுக என்னச் சுத்தி ஒதுங்கிப் போனாவ. அவன் எங்கிட்ட வந்தான், நின்னான், நான் அவனப் பாத்தேன். போகாதன்னு சொல்லத்தான் வாயத் திறந்தேன். ஆனா கப்பலுக்குப் போற அன்னைக்கு இதே பஸ் ஸ்டாண்டு ரோட்டுல எம் மவன் பையத் தூக்கிக்கிட்டு நின்னப்ப என்ன சொன்னனோ, வாசலத் தாண்டுற புள்ளகிட்ட எங்க ஊர்ல எந்தத் தாயும் என்ன சொல்லுவாளோ, அதுதான் வந்துது.

"போயிட்டு வா"ன்னேன்.

அவன் போனான். இருநூறு பேரும் போனாவ. ஹாலு வெறிச்சுன்னு ஆச்சு. குருசாமி வந்தாரு, மருந்துக்கடைக்காரர் வந்தாரு, தங்கப்பழம் நின்னான், ஷமீமா இறங்கி வந்து எம் பக்கத்துல நின்னா, நாங்க எல்லாரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கமே பாத்துக்கிட்டு நின்னோம். வெயில் சாஞ்சுது. கடையநல்லூர் பஸ்ஸு ரெண்டு போச்சு, அவ ஏறல. எழுதின வரிய வாய்க்குள்ள மறுபடி மறுபடி சொல்லிப் பாத்துக்கிட்டே நின்னா. எழுதினது சரியான்னு அவளுக்கும் பயம்தான்னு தெரிஞ்ச ஒடனே எனக்கு இருந்த கோவமெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல, அவ கையப் புடிச்சுக்கிட்டேன்.

மொதல்ல ஒரு பொம்பள வந்தா, யாருக்கோ காலேஜு சேதி. பொறவு ஒரு பெரியவரு. பொறவு மூணு நாலு பேரு. வந்தவிய எல்லாம் நேரே படியேறிப் போயி வெளிச்சமாப் போனாவ. அப்புறம் ரொம்ப நேரம் யாரும் வரல. "அவ்வளவுதான் போல"ன்னு மருந்துக்கடைக்காரர் சொன்னாரு, குருசாமி அவரு தொடையக் கிள்ளினாரு.

எலுமிச்ச லாரி ஒண்ணு தெருவ அடைச்சுக்கிட்டு போச்சு. அது நகந்த பொறவு பாத்தா, லாரிக்கு அந்தப் பக்கம் அவன். விறுவிறுன்னு வந்தான், வாசல்ல நின்னான், எடது உள்ளங்கால வலது கெண்டைக்கால்ல ஒரு தேய் தேய்ச்சான், என்னத் தாண்டிப் படியேறினான். மொதப் படியில காலு வச்சதுதான் தெரியும். இடுப்புல சாவிக்கொத்துக்குப் பக்கத்துல போனு அதிர்ந்துது.

எனக்குக் கண்ணு தெரியல, ஷமீமாதான் வாங்கி வாசிச்சா.

"அம்மா, எஞ்சின் போயி ரொம்ப நாள் கடல்லயே கெடந்தோம். இப்பக் கரைக்கு இழுத்துட்டு வந்துட்டாங்க. எல்லாரும் நல்லாருக்கோம். என் போனு தண்ணியில போச்சு, துறைமுக ஆபீஸ்லேர்ந்து அனுப்புதேன். இருபது பேருக்குச் சாம்பார் வைக்கச் சொல்லிருக்காங்க, இந்த ஊரு தண்ணியில பருப்பு வேகவே மாட்டேங்குதும்மா, என்ன செய்ய?"

எந்தக் கள்ளனுக்கு வரும் இந்தக் கேள்வி! நான் அங்கனயே தெருவுல உக்காந்து அழுதேன், சிரிச்சேன், "இத்தன வருசம் எங்கூட நின்னு என்னத்தல படிச்சே கூறு கெட்டவனே"ன்னு ஏசினேன், தங்கப்பழம் எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தான். பொறவு போன வாங்கி, ஒத்த வெரலால, எழுத்து எழுத்தாத் தட்டினேன்: பருப்புல ஒரு சின்னக் கரண்டி வெளக்கெண்ணெய் விடு.

"எப்பட்டி போயிச் சேரும்?"னு கேட்டேன்.

"போயிச் சேந்துட்டுக்கா"ன்னா ஷமீமா.